சிகரெட்ட விட்டு ஒன்பது நாள், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற அந்த ஆசைய என்ன பண்றது?

தம்பி, நீங்க கேட்டத ஒரு தடவ திருப்பிச் சொல்லிடறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. வயசு 34, பதினாலு வருஷமா தினம் ஒரு பாக்கெட், சிங்கப்பூர்ல துவாஸ்ல கப்பல் யார்டு வேலை, பூன் லே பக்கம் வாடகை வீட்ல அஞ்சு பேரோட தங்கியிருக்கீங்க, அதுல மூணு பேர் ஊதறவங்க. ஊர்ல வீட்டுக்காரம்மாவுக்கு இது அஞ்சாம் மாசம், அவங்களுக்கு வாக்கு குடுத்து நிறுத்தி இன்னிக்கு ஒன்பதாவது நாள். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் நெஞ்சப் புடிச்சு இழுக்கற மாதிரி வருது, அப்ப என்ன செய்யணும், இது இன்னும் எத்தன நாளைக்கு, நிக்கோட்டின் கம் வாங்கினா அதுவும் பழக்கமாயிடுமா, இதான் நீங்க எழுதின கேள்வி. ஆனா கடைசியில ஒரு வரி போட்டிருக்கீங்க, போன வருஷம் ரெண்டு மாசம் சுத்தமா நிறுத்தியிருந்து திடீர்னு ஒரு நாள் எதுக்குன்னே தெரியாம வாங்கிட்டேன், எனக்கு மன உறுதியே கெடையாதோன்னு பயமா இருக்குன்னு. எனக்கு அதுதான் உண்மையான கேள்வின்னு படுது, அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

நான் மருந்தாளர். இருபது வருஷத்துக்கு மேல இங்க சிங்கப்பூர்ல மருந்துக்கடை கவுன்டர்லயும் அப்புறம் கிளினிக்லயும் நின்னிருக்கேன், அதுல பாதிக்கு மேல புகைய நிறுத்த வர்றவங்களோட உக்காந்து பேசற வேலைதான். டாக்டர் கெடையாது, உங்க ரத்த அழுத்தம் சக்கரை எதையும் நான் பாக்கல, அதனால அளவு சொல்ற எடத்துல பொதுவாத்தான் சொல்லுவேன், வாங்கும்போது எதிர்ல இருக்கற மருந்தாளர்ட்ட ஒரு தடவ பேசிட்டு வாங்குங்க. இன்னொன்னு, நெஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆசை வரும்போது நெஞ்சு படபடன்னு இருக்கறது சகஜம், ஆனா நெஞ்ச அழுத்தற வலி, மாடி ஏறினா வர்ற வலி, கைக்கோ தாடைக்கோ பரவற வலி, வேர்த்துக் கொட்றதுன்னு இருந்தா அது ஆசை இல்ல, யோசிக்காம ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடுங்க. பதினாலு வருஷம் ஊதின 34 வயசுக்காரருக்கு மாரடைப்பு வந்து நான் பாத்திருக்கேன், அதனாலதான் இத முதல்லயே சொல்லிடறேன்.

சரி விஷயத்துக்கு வர்றேன். சிகரெட் ஆசைன்னு ஒரே பேர்ல சொல்றோமே தவிர அது ரெண்டு தனித்தனி சமாச்சாரம். முதல்லது ஒடம்பு கேக்கறது. ஒரு இழுப்பு இழுத்தா பத்து பதினஞ்சு செகண்டுல நிக்கோட்டின் மூளைக்குப் போயிடுது, ஆனா ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாதி கரைஞ்சு போகுது, அதான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவயாவது கை பாக்கெட்டுக்குப் போச்சு. வருஷக்கணக்கா ஊதினதுல நிக்கோட்டின வாங்கிக்கற எடங்கள் மூளைல அதிகமாயிடும், நிறுத்தினதும் அத்தனையும் காலியா கெடந்து கத்தும். எரிச்சல், தூக்கமின்மை, பசி, ஒரு வேலைல மனசு நிக்காம ஓடறது எல்லாம் அதான். இது நல்லா ஆராய்ஞ்ச விஷயம், சந்தேகமே இல்ல: முதல் வாரத்துல, அதுலயும் ரெண்டாம் மூணாம் நாள்ல உச்சம், அப்புறம் எறங்க ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். நீங்க ஒன்பதாவது நாள்ல இருக்கீங்க, அதோட உச்சிய நீங்க ஏற்கனவே தாண்டிட்டீங்க.

ரெண்டாவது, பழகினது கேக்கறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு சிகரெட்டுக்கு பத்து இழுப்புன்னு வச்சா கூட நாளைக்கு இருபது சிகரெட், இருநூறு இழுப்பு, பதினாலு வருஷத்துல பத்து லட்சம் தாண்டிடுது. பத்து லட்சம் தடவ கை வாய்க்குப் போயிருக்கு, ஒவ்வொரு தடவையும் பத்து செகண்டுல மூளைக்கு ஒரு சின்ன சந்தோஷம் கெடச்சிருக்கு. அதுல எது எதெல்லாம் பக்கத்துல இருந்துச்சோ அது எல்லாத்தோடயும் சேத்து முடிச்சு போட்டு வச்சிருக்கு மூளை, சாப்பாடு, டீ, லாரிலேர்ந்து எறங்கறது, போன்ல சண்ட, சம்பள நாள், மழை. இந்த முடிச்சு நாளாக நாளாக தானா அவுழாது, ஒவ்வொரு முடிச்சும் அது வர்ற நேரத்துல சிகரெட் இல்லாம கடந்து போனாத்தான் கொஞ்சம் கொஞ்சமா தளரும். தினம் வர்ற முடிச்சு சீக்கிரம் தளர்ந்துடும், சாப்பாடு மாதிரி. எப்பவாவது வர்ற முடிச்சு, ஒரு சாவு வீடு, ஒரு பெரிய சண்ட, ஒரு கல்யாணம், அது மாசக்கணக்கா தொடாமயே கெடக்கும்.

இப்ப போன வருஷத்த நெனச்சுப் பாருங்க. ரெண்டு மாசம் ஆனப்ப ஒடம்போட ஆசை முழுசா அடங்கியிருக்கும், நீங்களும் முடிஞ்சுதுன்னு நெனச்சிருப்பீங்க, காவல எடுத்துட்டீங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க எழுதல, ஆனா எதுக்குன்னே தெரியாமன்னு சொல்றவங்க கிட்ட நான் உக்காந்து அன்னிக்கு காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே வந்தா தொண்ணூறு பேர்ல எண்பது பேருக்கு ஏதோ ஒன்னு வெளிய வரும். இது ஆராய்ச்சி கணக்கு இல்ல, என் அனுபவத்துல சொல்றது. அதனால உங்களுக்கு மன உறுதி இல்லன்னு நான் ஒத்துக்கவே மாட்டேன், முதல் சண்டைய ஜெயிச்ச ஆளு நீங்க, ரெண்டாவதுன்னு ஒன்னு இருக்குன்னு யாரும் சொல்லல.

எங்கப்பா துறைமுகத்துல வேலை பாத்தவர், வீட்டு சன்னலோரமா ஒரு பச்ச மைலோ டின் எப்பவும் இருக்கும், பாதிக்கு தண்ணி ஊத்தி அதுல போட்டு அணைப்பாரு. அம்பத்தேழு வயசுல மாரடைப்பு வந்து நிறுத்தினாரு. மூணு வருஷம் கழிச்சு ஒரு நாள் லிட்டில் இந்தியாவுல, நாம தேக்கான்னு சொல்ற எடத்துல, காப்பிக்கடை ஓரமா நடந்து வந்துக்கிட்டிருந்தோம், யாரோ பத்த வச்சாங்க, அப்பா அப்படியே நின்னுட்டாரு. என்னப்பான்னேன். ஒன்னுமில்லம்மா, வந்துச்சு, போயிடட்டும்னு நிக்கறேன்னாரு. ஒரு நிமிஷம் இருக்கும், அப்புறம் வா மீன் வாங்கலாம்னு கெளம்பிட்டாரு. மூணு வருஷத்துக்கு அப்புறமும் வருமான்னு நீங்க பயப்படக் கூடாது, எப்பவாவது வரும், ஆனா அப்ப அதுக்கு பலம் கெடையாது, அதுதான் நான் பாத்தது.

ஒரு ஆசை எவ்வளவு நேரம் இருக்கும்னா பெரும்பாலும் மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம், அதிகம் போனா பத்து. நீங்க சிகரெட்ட புடிச்சாலும் போகும், புடிக்கலன்னாலும் போகும். இத சொன்னா யாரும் நம்பறதில்ல, எனக்கு அரை மணி நேரம் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. ஒரு செக்யூரிட்டி அங்கிள் வந்தாரு, கான்டோ அடுக்குமாடி வீடுகள்ல ராத்திரி ஷிஃப்ட், அவரும் அப்படித்தான் சொன்னாரு. போன்ல ஸ்டாப்வாட்ச் இருக்குல்ல, ஆசை வந்ததும் தட்டுங்க, போனதும் நிறுத்துங்க, எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிச்சேன். ஃபேர்பிரைஸ் கடை ரசீதுக்குப் பின்னாடி பென்சில்ல எழுதிக் கொண்டு வந்தாரு, 4, 6, 3, 3, 5, ஒன்னே ஒன்னு 11. முதல் வாரம் ரசீது நிறைஞ்சிருந்துச்சு, மூணாவது வாரம் ஒரு நாளைக்கு ரெண்டு நம்பர்தான். சில பேருக்கு ஒன்னு முடிய இன்னொன்னுன்னு அடுத்தடுத்து வரும், அவங்க அரை மணி நேரம்னு சொல்றது பொய் இல்ல, ஆனா நடுவுல எறங்கி ஏறுது, அளந்து பாத்தாத்தான் தெரியும். நீங்களும் இன்னிக்கு ராத்திரிலேர்ந்து அளந்து பாருங்க, இருட்டுல வழி எவ்வளவு தூரம்னு தெரிஞ்சா நடக்கறது சுலபம், அவ்வளவுதான்.

ராத்திரி சாப்பாடு உங்களோட பெரிய முடிச்சு, அதனால அந்த இருபது நிமிஷத்த மட்டும் முழுசா மாத்தி அமைங்க. இப்ப எப்படி சாப்பிடறீங்கன்னு எனக்குத் தோணுதுன்னா, எல்லாரும் சேந்து உக்காந்து, கடைசி வாய் போனதும் மூணு பேர் எந்திரிச்சு சமையக்கட்டு சன்னல் பக்கம் போவாங்க, நீங்க தட்ட கையில வச்சுக்கிட்டு அங்கேயே இருப்பீங்க. அங்க இருக்காதீங்க. கடைசி வாய்க்கு அப்புறம் உக்காராம தட்ட கழுவுங்க, உடனே பல் தேய்ங்க, புதினா பேஸ்ட் வாய்ல இருக்கும்போது சிகரெட் ருசிக்காது, செருப்ப மாட்டிக்கிட்டு கீழ எறங்கிடுங்க. வீட்டுக்காரம்மாவ அந்த நேரத்துக்கு வீடியோ கால்ல கூப்பிடுங்க, நடந்துக்கிட்டே பேசுங்க, ஊர்ல மணி ரெண்டரை மணி நேரம் பின்னாடி, அவங்களுக்கும் சௌகரியம். வாய் நமநமங்குதுன்னா ஏலக்காயோ கிராம்போ ஒன்னு வாய்ல போடுங்க, அதுல மருந்து குணம் ஏதும் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், வாய்க்கும் கைக்கும் ஒரு வேலை, கெடுதல் இல்ல. வேகமா பத்து நிமிஷம் நடந்தா அந்த நேரத்து ஆசை கொறையுதுன்னு ஆராய்ச்சிகள்ல தெளிவா இருக்கு. தினம் உடற்பயிற்சி செஞ்சா ஒரு வருஷம் கழிச்சும் சிகரெட் இல்லாம இருப்பாங்களான்னு பாத்தா அதுக்கு அந்த அளவு ஆதாரம் இல்ல, அதனால நடைய முதலுதவி மாதிரி வச்சுக்கங்க. ஊசி குத்தற வைத்தியம், ஹிப்னாடிசம்னு விளம்பரம் வரும், அதுக்கும் ஆதாரம் பலமா இல்ல, காசு செலவு பண்றதுன்னா அதுக்கு முன்னாடி மருந்துக்குப் பண்ணுங்க.

இப்ப கம். இங்க சூயிங்கம் விக்கறதுக்கு 1992லேர்ந்து தடை இருக்கறது உங்களுக்குத் தெரியும், ஆனா நிக்கோட்டின் கம்ம மருந்தா 2004லேர்ந்து அனுமதிச்சிருக்காங்க, மருந்தாளர் கிட்ட கேட்டு வாங்கலாம். இது பயனில்லன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்க தப்பா மெல்லறவங்க. ஒருத்தர் வந்து விக்கல் வருது, வயிறு எரியுது, ஆசை போகல, காசு தண்டம்னு கோவமா பெட்டிய கவுன்டர்ல வச்சாரு. எனக்கு முன்னாடி ஒன்னு மெல்லுங்கண்ணேன்னேன். சாதா கம் மாதிரி கறுமுறுன்னு மென்னு ரெண்டு நிமிஷத்துல எச்சில முழுங்கிட்டாரு, நிக்கோட்டின் பூரா வயித்துக்குப் போயிடுச்சு, அங்க அது எரியத்தான் செய்யும், மூளைக்குப் போறதும் கொறஞ்சுடும். வாயோட உள் தோல் வழியா போகணும் அது. மெதுவா நாலஞ்சு தடவ மெல்லுங்க, காரமா மொளகு மாதிரி ஒரு சுருக்குன்னு வரும், ஒடனே மெல்லறத நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க, வெத்தலைய ஒதுக்கற மாதிரி. சுருக்கு போனதும் மறுபடி கொஞ்சம் மெல்லுங்க, இந்தத் தடவ வேற பக்கம் ஒதுக்குங்க. ஒரு கம் அரை மணி நேரம் வரணும். மெல்லறதுக்கு கால் மணி நேரம் முன்னாடிலேர்ந்து காப்பி, ஜூஸ், கோலா எதுவும் வேணாம், வாய் புளிப்பா இருந்தா நிக்கோட்டின் உள்ள போகாது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம்னு ரெண்டு இருக்கு, எந்திரிச்ச அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் புடிச்சவங்களுக்குப் பொதுவா 4 சொல்லுவோம். ஆனா நீங்க ஒன்பது நாள் எந்த நிக்கோட்டினும் இல்லாம வந்துட்டீங்க, உங்களுக்கு 2 போதும்னுதான் எனக்குத் தோணுது, சாப்பாட்டுக்கு அப்புறத்துக்கும் இன்னும் ரெண்டு மோசமான நேரத்துக்கும் மட்டும்.

தோல்ல ஒட்டிக்கற நிக்கோட்டின் பேட்ச் பத்தியும் சொல்லிடறேன், உங்க ரூம்ல இருக்கற மூணு பேர்ல ஒருத்தராவது இத படிப்பாருன்னு நம்பறேன். பேட்ச் நாள் பூரா மெதுவா குடுக்கும், கம் அவசரத்துக்கு. ரெண்டையும் சேத்துப் பயன்படுத்தறவங்க ஒன்ன மட்டும் பயன்படுத்தறவங்கள விட அதிகமா ஜெயிக்கறாங்க, இது உறுதியான விஷயம். ஒரு நாளைக்கு பத்துக்கு மேல புடிக்கறவங்க வழக்கமா 21 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு ஆறு வாரம் போட்டு, அப்புறம் 14, அப்புறம் 7ன்னு எறங்குவாங்க, ரெண்டு வாரத்துல நல்லாயிட்டேன்னு கழட்டி வீசறதுதான் பெரிய தப்பு. யார்டுல வேர்வைல பேட்ச் உரிஞ்சு வந்துடும், அதனால காலைல குளிச்சு நல்லா தொடச்சு மேல்கையிலயோ தோள்பட்டைக்குப் பின்னாடியோ ஒட்டி உள்ளங்கையால பத்து செகண்டு அழுத்துங்க, எண்ணெய் பவுடர் கூடாது, தினம் எடம் மாத்துங்க. ராத்திரி கெட்ட கனவு வந்தா படுக்கும்போது கழட்டிடலாம். பேட்ச் போட்டுக்கிட்டு ஒரு சிகரெட் புடிச்சா செத்துடுவோம்னு ஒரு பயம் சுத்துது, அப்படி இல்ல, புடிக்காம இருக்கறதுதான் நோக்கம், அவ்வளவுதான். மாத்திரை வழியும் இருக்கு, வாரெனிக்லின்னு ஒன்னு, டாக்டர் சீட்டு வேணும், நிறுத்தற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சு பன்னெண்டு வாரம், கொமட்டல் வரலாம். மனச பாதிக்குதுன்னு முன்னாடி ஒரு பயம் இருந்துச்சு, 2016ல எட்டாயிரம் பேருக்கு மேல வச்சு செஞ்ச பெரிய ஆராய்ச்சில அந்தப் பயம் உறுதியாகல. முன்னாடி மன நோய்க்கு வைத்தியம் எடுத்திருந்தா அத டாக்டர்ட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கணும்.

கம் பழக்கமாயிடுமான்னு கேட்டீங்க. கொஞ்சம் பேருக்கு ஆகும், மாசக்கணக்கா மெல்லறவங்கள பாத்திருக்கேன், மறைக்க மாட்டேன். ஆனா சிகரெட்ல நிக்கோட்டின் பத்து செகண்டுல பாயுது, கம்ல இருபது முப்பது நிமிஷம் ஊறி ஊறிப் போகுது, அந்த வேகம் இல்லாததால அது புடிச்சு வைக்கறது ரொம்ப கம்மி. அதோட முக்கியமா, நுரையீரலையும் ரத்தக்குழாயையும் கெடுக்கறது புகை, அந்தப் புகைல ஏழாயிரத்துக்கு மேல ரசாயனம், அதுல எழுபது கிட்ட புத்துநோய் வர வைக்கறது. ஆறு மாசம் கம் மெல்லற ஒருத்தர எனக்கு கவலையில்லாம பாக்க முடியும், நாளைக்கு மூணு சிகரெட் மட்டும்னு சொல்றவர அப்படி பாக்க முடியாது.

யாரும் சொல்லாத ஒன்னு காப்பி. நீங்க ஒரு நாளைக்கு நாலு கோப்பி, அதுல ரெண்டு கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத காப்பி, குடிக்கறதா எழுதியிருக்கீங்க, தூக்கம் வரல, படபடப்பா இருக்குன்னும் எழுதியிருக்கீங்க, ரெண்டையும் நீங்க சேத்துப் பாக்கல. சிகரெட் புகை கல்லீரல்ல ஒரு நொதிய வேகமா வேலை செய்ய வைக்கும், அதுதான் காஃபின கரைக்கறது. புகைய நிறுத்தினதும் அந்த நொதி பழைய வேகத்துக்கு எறங்கிடும், அதே நாலு கோப்பி இப்ப ரத்தத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா நிக்குது. அந்த நடுக்கத்த சிகரெட் ஆசைன்னு நெனச்சுக்கறோம். கோப்பிய பாதியா கொறைங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வேணாம், வேணும்னா தே ஓ கோசோங், பாலும் சக்கரையும் இல்லாத டீ, ஒன்னு, அதுலயும் காஃபின் உண்டு ஆனா கம்மி. இதே நொதிதான் சில மருந்தையும் கரைக்குது, ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின், மன நோய்க்கு ஓலான்சபைன், க்ளோசபைன் மாதிரி, இதெல்லாம் எடுக்கறவங்க நிறுத்தற அன்னிக்கே டாக்டர்ட்ட சொல்லணும், அளவ கொறைக்க வேண்டி வரும்.

யார்டுல பத்து மணிக்கும் மூணு மணிக்கும் பிரேக்ல எல்லாரும் ஸ்மோக்கிங் பாயிண்டுக்குப் போறாங்க, நான் எங்க போறதுன்னு கேட்டிருந்தீங்க. இது சின்ன விஷயம் இல்ல. வெயில்ல நிக்கற வேலைல ஓய்வு எடுக்கறதுக்கு மேஸ்திரி தலையாட்டற ஒரே காரணம் சிகரெட், அத விட்டா ஓய்வும் போயிடுது, நிறைய பேர் உண்மையா தேடறது அந்த அஞ்சு நிமிஷ நிழலத்தான். அதனால பிரேக்க விடாதீங்க, கண்டிப்பா எடுங்க, நிழல்ல வேற எடத்துல உக்காருங்க, ஜில்லுனு தண்ணி குடிங்க. முதல் ஒரு மாசம் ஊதற கூட்டத்துல நிக்காதீங்க, அது அவங்கள வெறுக்கறது ஆகாது. ஒன்னே ஒன்னுடான்னு நீட்றவர்ட்ட நிறுத்தியிருக்கேன்னு சொல்லாதீங்க, நான் புடிக்கறதில்லண்ணேன்னு சொல்லிப் பாருங்க, பேச்சு அங்கேயே முடிஞ்சிடும். ரூம் ஆளுங்க கிட்ட ஒரே ஒரு உதவி கேளுங்க, சன்னலோரமா வேணாம், கீழ போய் அனுமதி இருக்கற எடத்துல புடிங்க, பாக்கெட்ட மேசைல வைக்காதீங்கன்னு. பிள்ள பொறக்கப் போகுதுன்னு சொல்லிக் கேட்டா நம்ம ஆளுங்க மறுக்க மாட்டாங்க.

பீர். ஞாயித்துக்கிழம தேக்காவுல நண்பர்களோட உக்காந்து குடிக்கற அந்த ரெண்டு பீர்லதான் நான் பாத்த பாதி பேர் வழுக்கினது. முதல் ஒரு மாசம் குடிக்காதீங்க, வேற வழி சொல்ல எனக்குத் தெரியல. வேப்புக்கு, அதான் மின் சிகரெட்டுக்கு, மாறலாமான்னு யாரோ யோசனை சொன்னதா எழுதியிருக்கீங்க. வெளிநாட்ல சில எடத்துல சிகரெட்ட விடறதுக்கு அத உதவியா குடுக்கறாங்க, சில பேருக்கு உதவுதுன்னு ஆதாரமும் இருக்கு, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா சிங்கப்பூர்ல 2018 பிப்ரவரிலேர்ந்து கையில வச்சிருக்கறதே குற்றம், 2025 செப்டம்பர்லேர்ந்து தண்டனைய இன்னும் கடுமையாக்கிட்டாங்க, திருட்டுத்தனமா விக்கறதுல எட்டோமிடேட்னு மயக்க மருந்து கலந்ததெல்லாம் புடிபட்டிருக்கு. வேலை அனுமதில இருக்கற நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

துணைக்கு ஆள் வேணும்னா சுகாதார மேம்பாட்டு வாரியத்தோட குவிட்லைன் இருக்கு, 1800 438 2000. அவங்களோட ஐ குவிட் திட்டம் 28 நாள் கணக்கு, 28 நாள் தாண்டினவங்க முழுசா விடற வாய்ப்பு அஞ்சு மடங்குன்னு சொல்லுவாங்க. அதுல ஒரு விஷயத்த புரிஞ்சுக்கங்க, 28 நாள் தாண்ட முடிஞ்சவங்கள்ல ஏற்கனவே லேசா பழகினவங்களும் இருப்பாங்க, அதனால 28ங்கற நம்பர்ல மந்திரம் இல்ல. ஆனா ஒடம்போட ஆசை அடங்கற காலத்தோட அது ஒத்துப் போகுது, இலக்கா வச்சுக்க நல்ல நம்பர். பாலிகிளினிக்லயும் ஆலோசனை இருக்கு, வேலை அனுமதில இருக்கறவங்களுக்கு மானியம் இல்ல, போறதுக்கு முன்னாடி விலை கேட்டுக்கங்க. தனியா எந்த உதவியும் இல்லாம நிறுத்தறவங்கள்ல ஒரு வருஷம் தாக்குப் புடிக்கறது நூத்துக்கு மூணுலேர்ந்து அஞ்சு பேர்தான், மருந்தும் பேச ஒரு ஆளும் இருந்தா அது நல்லாவே கூடுது, நீங்க போன வருஷம் தோத்தது எதுல சேத்தின்னு இதுலேர்ந்து தெரிஞ்சுக்கங்க.

இத்தன பாடு பட்டு என்ன கெடைக்கும்னு மனசு சோர்ந்து போற ராத்திரிக்கு ஒரு கணக்கு தர்றேன். இங்கிலாந்துல ரிச்சர்ட் டால்னு ஒரு டாக்டர், 1951லேர்ந்து அந்த நாட்டு டாக்டர்களையே அம்பது வருஷம் பின்தொடர்ந்து 2004ல முடிவ வெளியிட்டாங்க. கடைசி வரைக்கும் ஊதினவங்க சராசரியா பத்து வருஷம் முன்னாடி செத்தாங்க. அறுபதுல விட்டவங்களுக்கு மூணு வருஷம் திரும்பக் கெடச்சுது, அம்பதுல ஆறு, நாப்பதுல ஒன்பது, முப்பதுல விட்டவங்களுக்கு கிட்டத்தட்ட பத்தும். உங்களுக்கு 34. பொறக்கப் போற பிள்ளைக்கு இருபத்துநாலு வயசாகும்போது உங்களுக்கு அறுபது கூட ஆகியிருக்காது.

இப்ப நான் பயப்படற நாள சொல்றேன். நாலு மாசத்துல ஊருக்குப் போவீங்க, பிள்ள பொறந்த சந்தோஷம், ஆஸ்பத்திரிக்கு வெளிய மாமா மச்சான் எல்லாரும் நிப்பாங்க. இங்க இருபது இருக்கற பாக்கெட்டாத்தான் வாங்கணும், அங்க பெட்டிக்கடைல ஒத்த சிகரெட் கெடைக்கும், கடை ஓரத்துல தீக்கயிறு கனிஞ்சு தொங்கும், பத்த வைக்க தீப்பெட்டி கூட வேணாம். ஒடம்போட ஆசை அப்ப துளி கூட இருக்காது, ஆனா சந்தோஷத்தோட போட்ட முடிச்சு தொடாமயே கெடக்கும், போன வருஷம் உங்கள தள்ளினது இந்த மாதிரி ஒன்னுதான்னு நெனைக்கறேன். அதனால இப்பவே மச்சான் ஒருத்தர்ட்ட சொல்லி வைங்க, மிட்டாய் வாங்கி பாக்கெட்ல வச்சுக்கங்க, யாராவது சிகரெட் நீட்டினா மிட்டாய நீட்டுங்க. பிள்ளைய தூக்கப் போற கை, புகை படிஞ்ச சட்டை, இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

அப்படியும் ஒரு நாள் ஒன்னு புடிச்சுட்டீங்கன்னா அந்த ஒன்னோட நிறுத்துங்க. ஒன்னு ரெண்டு இழுப்புலயே மூளைல அந்த எடங்கள் பாதி நிறைஞ்சிடும், அதனால ஒரு இழுப்பு ஒன்னும் பண்ணாதுன்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன், ஆனா ஒரு சிகரெட் பதினாலு வருஷத்த திருப்பிக் கொண்டு வந்துடாது, எல்லாம் போச்சுன்னு மீதி பாக்கெட்ட முடிக்கறதுதான் திருப்பிக் கொண்டு வரும். மிச்சத்த தண்ணில நனைச்சுப் போடுங்க, எந்த நேரம், யார் கூட, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு மூணே வரி எழுதி வைங்க, மறுநாள் காலைலேர்ந்து கம்ம எடுங்க. டிக்கெட் போட்டதும் தேதிய எழுதுங்க தம்பி, அப்ப எப்படி இருக்கீங்கன்னு கேட்டுட்டு ஊருக்கு எத்தன கம் எடுத்துட்டுப் போகணும்னு சொல்றேன்.